தோலுக்கடியில் ஒரு காவற்காரர்

பொழுது இன்னும் புலரவில்லை. நெற்றியில் விளக்கும் கையில் உளியுமாகப் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் தம் நிரையில் மரத்துக்கு மரம் நடந்துகொண்டிருக்கிறார். திடீரெனக் கண் இருளுகிறது, கால் தளர்கிறது. மறுநொடி அவர் தரையில் கிடக்கிறார். சற்று நேரத்தில் தாமே விழித்து எழுகிறார். சுற்றிலும் எவரும் இல்லை. கவிழ்ந்த மங்கை நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு நடக்கிறார். நடந்ததை வீட்டில் சொல்வதில்லை, தண்டலிடமும் சொல்வதில்லை. சொன்னால் தம் நிரையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களோ என்னும் அச்சமே காரணம்.

இத்தகைய மயக்கத்துக்கு நம் தோட்டங்களில் விளக்கம் சொல்வோர் பலர். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போனதால் வந்தது என்பார் ஒருவர். வெயிலின் கொடுமை என்பார் மற்றொருவர். காற்றுக் கருப்பு என்று கயிறு மந்திரித்துக் கட்டுவோரும் உண்டு. வெறும் வயிறும் வெயிலும் மயக்கத்தைத் தரக்கூடியனவே. ஆனால், இருதயம் சில வினாடி நின்று மீண்டும் துடிப்பதனாலும் இதே மயக்கம் வரும். முன்னது நீர் அருந்தி நிழலில் படுத்தால் தீர்ந்துவிடலாம். பின்னதோ உயிருக்கே உலை வைக்கக்கூடியது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

அவ்வாறாயின் வேறுபாட்டைக் கண்டறிவது எப்படி? அதற்கு உதவுவனவாக உடலுக்குள்ளேயே பொருத்தப்படும் உணர்கருவிகள் இன்று வந்துள்ளன. மருத்துவர்கள் ‘சென்சர்’ என வழங்கும் அக்கருவிகளைப் பற்றி இத்திங்கள் அறிந்துகொள்வோம்.

உயிர்க்குறிகள் யாவை?

மரத்தைப் பார்த்த அளவிலேயே அதன் நலத்தை உணர்பவர் பால்வெட்டுத் தொழிலாளி. பட்டை காய்ந்துள்ளதா, பால் வழக்கம்போல் வடிகின்றதா, விரைவில் நின்றுவிடுகின்றதா என்பனவற்றைக் கொண்டே மரத்தின் நிலையைச் சொல்லிவிடுவார். மருத்துவரும் மனித உடலில் இவ்வாறான அடையாளங்களையே முதற்கண் நோக்குகின்றார். உடல் வெப்பம், நாடித் துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகிய நான்கும் உயிர்க்குறிகள் எனப்படும்.

ஓய்ந்திருக்கும் வளர்ந்த ஒருவரின் நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கும். மூச்சு 12 முதல் 20 முறை வந்து போகும். உடல் வெப்பம் 37 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும். இரத்த அழுத்தம் 120க்கு 80 என்னும் அளவை ஒட்டி இருக்கும். மருந்தகத்தில் தாதியர் கையில் பட்டை கட்டி, வாயிலோ காதிலோ வெப்பமானி வைத்துப் பார்ப்பதெல்லாம் இவற்றை அறிவதற்கேயாம்.

பத்து வினாடியும் ஒரு நாளும்

ஆயினும், மருந்தகச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. இருதயத்தின் மின்னோட்டத்தைத் தாளில் வரைந்து காட்டும் ‘இ.சி.ஜி.’ என்னும் சோதனையை எடுத்துக்கொள்வோம். நெஞ்சிலும் கைகால்களிலும் கம்பிகளை ஒட்டி எடுக்கும் இந்தப் படம் பெரும்பாலும் 10 வினாடி நிகழ்ச்சியையே பதிவு செய்கின்றது. நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும் இருதயம் ஒரு நாளில் 1,00,800 முறை துடிக்கும். அந்தப் பத்து வினாடியில் நாம் பார்ப்பது ஏறத்தாழ 12 துடிப்புகளை மட்டுமே.

மாதம் ஒரு முறையோ ஆறு மாதத்துக்கு ஒரு முறையோ வந்து மறையும் தடுமாற்றம், அந்தப் பத்து வினாடியில் அகப்படுவது அரிது. திருடன் என்றோ ஒரு நாள் நள்ளிரவில் வந்து போகின்றான். நாமோ நண்பகலில் சென்று கதவைப் பார்த்துவிட்டு, ‘இங்குத் திருட்டே இல்லை’ என்று சொல்லித் திரும்புகின்றோம். நோயாளிக்கும் இதே நிலைதான். ‘படம் நன்றாகவே இருக்கிறது’ என்று கேட்டு மகிழ்ந்து வீடு திரும்புகின்றார். அடுத்த மயக்கம் அவரை எங்கே வீழ்த்தும் என்பதை யாரும் அறியார்.

இக்குறையைப் போக்க, ஒரு நாளோ இரு நாளோ இடையில் கட்டிக்கொள்ளும் பதிவுக் கருவியை மருத்துவர் முதலில் தருவார். அதிலும் ஒன்றும் அகப்படாமல், மயக்கமும் தொடருமாயின், இரவும் பகலும் உறங்காத காவற்காரர் ஒருவரை உடலுக்குள்ளேயே அமர்த்த வேண்டியதாகின்றது.

செக்ரோல் எழுதும் கருவி

அந்தக் காவற்காரரே ‘லூப் ரெக்கார்டர்’ எனப்படும் இருதயப் பதிவுக் கருவியாகும். இன்று வழக்கில் உள்ள கருவிகளுள் ஒன்று ஏறத்தாழ 45 மில்லிமீட்டர் நீளமும் 7 மில்லிமீட்டர் அகலமும் 4 மில்லிமீட்டர் தடிப்பும் உடையது. எடை 3 கிராமுக்கும் குறைவு. இடப்பக்க நெஞ்சில் அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து, சிறு கீறலிட்டுத் தோலுக்கடியில் இதனைச் செலுத்துவர். இருதயத்தை இது தொடுவதில்லை. இரத்தக் குழாயினுள்ளும் புகுவதில்லை. சில நிமிடங்களில் பணி முடிந்துவிடும். அதனுள் இருக்கும் மின்கலம் ஏறத்தாழ மூன்று ஆண்டு உழைக்கும்.

தோட்டத்துக் கிராணியார் செக்ரோல் எழுதுவதை நாம் அறிவோம். இக்கருவியும் ஒவ்வொரு துடிப்பையும் கணக்கிட்டு வருகின்றது. எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது பழைய பதிவின்மேல் புதிய பதிவை எழுதிக்கொண்டே போகின்றது. இருதயம் சில வினாடி நின்றாலும், மிகுந்த விரைவுடன் ஓடினாலும், அந்தப் பகுதியை மட்டும் அழியாமல் காத்து வைக்கின்றது. அப்பதிவு படுக்கை அருகே வைக்கும் சிறு பெட்டி வழியாகவோ கைப்பேசி வழியாகவோ மருத்துவமனைக்குச் சென்று சேர்கின்றது. ‘இன்ன நாள், இன்ன நேரத்தில், இத்தனை வினாடி இருதயம் நின்றது’ என்னும் சான்று மருத்துவர் கைக்குக் கிட்டுகின்றது. அதன் பிறகு ஊகத்துக்கு இடமில்லை.

பாலிஷ் டப்பாவில் வார்த்த கருவி

சான்று கிடைத்தபின் செய்ய வேண்டியது என்ன? இருதயம் அடிக்கடி நின்று போவது உறுதியாயின், ‘பேஸ்மேக்கர்’ என்னும் இருதய முடுக்கியைப் பொருத்துவர். உடலுக்குள் மின்கருவி வைக்கும் முறை இம்முடுக்கியோடு தொடங்கியதாதலின், அதன் வரலாற்றை அறிவது நலம்.

1958ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் சுவீடன் நாட்டில், ஆர்னே லார்சன் என்னும் 43 வயது நோயாளிக்கு உலகின் முதல் முடுக்கி உடலுக்குள் பொருத்தப்பட்டது. ஒரே நாளில் பல முறை மயங்கி விழுந்துகொண்டிருந்தவர் அவர். அவருடைய மனைவி எல்ஸ் மாரி, மருத்துவர் ஓகே சென்னிங்கையும் பொறியாளர் ரூனே எல்ம்குவிஸ்ட்டையும் விடாது வற்புறுத்தி இதைச் செய்ய வைத்தார். கருவியின் பாகங்களைப் பிசினில் வார்ப்பதற்கு அச்சாகப் பயன்பட்டது ஒரு காலணிப் பாலிஷ் டப்பா! அந்த முதற்கருவி சில மணி நேரமே உழைத்தது. மாற்றுக் கருவி வைக்கப்பட்டது. பின்னர் மீண்டும் மீண்டும் மாற்றப்பட்டது. இவ்வாறு தம் வாழ்நாளில் இருபதுக்கும் மேற்பட்ட முடுக்கிகளைப் பெற்ற லார்சன், 2001ஆம் ஆண்டில் தமது 86ஆம் வயதில் காலமானார். கருவி செய்த பொறியாளருக்கும் அதைப் பொருத்திய மருத்துவருக்கும் பின்னரும் அவர் வாழ்ந்திருந்தார் என்பது வியப்புக்குரியது.

இன்றைய முடுக்கி வெறுமனே மின்துடிப்பை அனுப்புவதன்று. முதலில் அது கவனித்துப் பார்க்கின்றது. இருதயம் தானே துடித்தால் சும்மா இருக்கின்றது. துடிப்பு வராதபோது மட்டும் தூண்டுகின்றது. ஆகவே, இதுவும் ஓர் உணர்கருவியே ஆகும்.

தப்பின் ஒலியும் நெஞ்சின் அழுத்தமும்

இருதயத் துடிப்பைப் போலவே நெஞ்சினுள் இருக்கும் அழுத்தத்தையும் அளக்கும் கருவி உண்டு. தளர்ந்த இருதயம் உடையவர்க்கு நுரையீரலுக்குச் செல்லும் குழாயில் அழுத்தம் ஏறும். பின்னர் கால் வீங்கும், மூச்சுத் திணறும், நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓட நேரிடும். வீக்கமும் திணறலும் வெளியே தெரிவதற்குப் பல நாள் முன்பே அழுத்தம் ஏறத் தொடங்கிவிடும். அதனை முற்கூட்டியே அறிய ‘கார்டியோமெம்ஸ்’ என்னும் சிறு உணர்கருவி 2014ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தின் ஒப்புதலைப் பெற்றது. தொடையிடுக்கில் உள்ள இரத்தக் குழாய் வழியாக அதனைச் செலுத்தி, நுரையீரல் தமனியில் நிறுத்துவர்.

இதில் மின்கலமே இல்லை. பின் எவ்வாறு இயங்குகின்றது? திருவிழாவில் தப்படிப்போர் தப்பைத் தீயில் காய்ச்சுவதைப் பார்த்திருப்போம். தோல் இறுகினால் ஒலி உயர்கின்றது, தளர்ந்தால் தாழ்கின்றது. ஒலியைக் கேட்டே தோலின் இறுக்கத்தைச் சொல்லிவிடலாம். இக்கருவியினுள்ளும் அழுத்தத்துக்கு ஏற்ப வளையும் மெல்லிய தகடு ஒன்று உண்டு. நோயாளி வீட்டில் ஒரு தனி வகைத் தலையணைமேல் படுக்கும்போது, அத்தலையணையிலிருந்து வானொலி அலை சென்று கருவியை ‘அடிக்கின்றது’. அழுத்தத்துக்கு ஏற்ற அலையில் கருவி மறுமொழி தருகின்றது. அந்த மறுமொழியே அழுத்தத்தின் அளவாக மருத்துவருக்குச் செல்கின்றது.

550 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2011ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், இவ்வளவுகளைப் பார்த்து மருந்தைக் கூட்டியும் குறைத்தும் வந்ததனால், இருதயத் தளர்ச்சிக்காக மருத்துவமனையில் சேர்வது ஆறு மாதத்தில் 28 விழுக்காடு குறைந்தது. இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். கருவி எவரையும் குணப்படுத்தவில்லை. கருவி சொன்னதைக் கேட்டு மருத்துவர் மருந்தை மாற்றினார். நோயாளி அதை ஒழுங்காக உட்கொண்டார். பயன் அதனால் விளைந்தது.

நீரிழிவுக்கும் ஒரு கருவி

நம் சமூகத்தைப் பெரிதும் வாட்டும் நோய் நீரிழிவு. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டில் நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, வளர்ந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. அவர்களுள் ஐவரில் இருவர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். 2019ஆம் ஆண்டின் ஆய்வில், இந்தியர்களிடையே அந்த அளவு ஏறத்தாழ 31 விழுக்காடாக இருந்தது.

சர்க்கரையை அளக்கவும் தோலுக்கடியில் வைக்கும் கருவி வந்துள்ளது. மேற்கையில் வைக்கப்படும் ‘எவர்சென்ஸ்’ என்னும் கருவி, 18 மில்லிமீட்டர் நீளமே உடையது. சர்க்கரையின் அளவுக்கு ஏற்ப ஒளிவிடும் ஒரு பொருள் அதில் பூசப்பட்டுள்ளது. அவ்வொளியைக் கொண்டு 5 நிமிடத்துக்கு ஒரு முறை அளவு கணிக்கப்பட்டுக் கைப்பேசிக்குச் செல்கின்றது. 2018ஆம் ஆண்டில் 90 நாள் உழைக்கும் கருவியாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இது, 2022ஆம் ஆண்டில் 180 நாளுக்கும், 2024ஆம் ஆண்டில் ஓராண்டுக்கும் உரியதாக வளர்ந்துள்ளது. ஆயினும், விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்க்கும் எளிய சோதனையையே செய்துகொள்ளாத ஒருவருக்கு இத்தகைய கருவியால் பயனில்லை என்பதை மறத்தலாகாது.

நம் மண்ணின் பங்கு

இவையெல்லாம் எங்கோ தொலைவில் உள்ள பொருள்கள் என எண்ண வேண்டுவதில்லை. 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பார் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார். அது நம் மலாக்கா மாநிலம். அதே மாநிலத்தில் பத்து பெரெண்டாமில் 1973ஆம் ஆண்டு முதல் மின்னணுச் சில்லுகள் செய்யும் ஆலை இயங்கி வருகின்றது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அத்தகைய ஆலைகளில் வேலைக்குச் சென்றதை நாம் அறிவோம். பினாங்கில் இருதய முடுக்கிகளே செய்யப்படுகின்றன. 1992ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட தேசிய இருதயக் கழகம் போன்ற மருத்துவ நிலையங்களில் அவை நோயாளிகளுக்குப் பொருத்தப்படுகின்றன.

தெங்கேராவில் எழுந்த வினாக்கள்

தோட்டத்தை விட்டு வந்து தெங்கேராப் பக்கம் பிள்ளைகளோடு குடியிருக்கும் முதிய தொழிலாளர் சிலரோடு இதுபற்றி உரையாடினோம். அவர்கள் கேட்டவை யாவும் எல்லார்க்கும் பயன்படக்கூடிய வினாக்கள்.

“உள்ளே வைத்துவிட்டால் நாம் பேசுவதெல்லாம் அதற்குக் கேட்குமா, ஐயா?” என்று ஒரு மூதாட்டியார் கேட்டார். கேட்காது. இருதயத்தின் மின்னோட்டத்தையோ அழுத்தத்தையோ மட்டுமே அது அறியும். ஆயினும், அப்பதிவு யாரிடம் செல்கின்றது, எவர் பார்க்கின்றார் என்று ஒப்புதலுக்குக் கையெழுத்திடும் முன்னர்க் கேட்டறிவது நம் உரிமை. மலாயில் விளங்காவிட்டால், தமிழில் விளக்கச் சொல்லவும் தயங்க வேண்டாம்.

“முடுக்கி வைத்தபின் பால் வெட்டலாமா?” என்பது அடுத்த வினா. வைத்த முதல் நான்கு முதல் ஆறு வாரம், அப்பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்துதலும் பளு தூக்குதலும் கூடா. பின்னர் மருத்துவர் இசைவோடு பலர் தத்தம் வேலைக்குத் திரும்புகின்றனர். எந்தக் கையால் உளி பிடிக்கின்றோம், காண்டாக் கம்பை எந்தத் தோளில் சுமக்கின்றோம் என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொன்னால், கருவியை மறுபக்கத்தில் வைக்க வழியுண்டு. எஞ்சினை முதுகில் சுமக்கும் புல்வெட்டும் இயந்திரத்தை இயக்குபவர், அவ்வேலையைத் தொடரலாமா என்று கட்டாயம் கேட்க வேண்டும். ஓடும் எஞ்சின் முடுக்கியிலிருந்து 30 சென்டிமீட்டராவது விலகி இருத்தல் வேண்டும். கைப்பேசியைச் சட்டைப் பையில் கருவிக்கு நேராக வைத்துக்கொள்வதும் தகாது.

“செலவுக்கு எங்கே போவது?” என்றார் மற்றொருவர். அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் குடிமக்கள் ஒரு வெள்ளி செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். குறைந்த வருமானமுடையோர்க்கென 2019ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘பெக்கா பி40’ திட்டத்தில், 40 வயது நிரம்பியோர்க்கு இலவச உடற்சோதனை உண்டு. மருத்துவச் சாதனங்களுக்காக ஒருவருக்கு 20,000 வெள்ளி வரை உதவவும் அத்திட்டத்தில் இடமுண்டு. நமக்கு வேண்டிய கருவி அதில் அடங்குமா என்று மருத்துவமனையில் கேட்டறிய வேண்டும். சொக்சோ சந்தா செலுத்துவோர், நோயினால் உழைக்கும் ஆற்றலை இழந்தால் அந்நிறுவனத்தின் உதவியை நாடலாம்.

கடைசி வினாவை எழுப்பத் தயங்கித் தயங்கி ஒருவர் கேட்டார்: “கருவியோடு இறந்துபோனால் எரிக்கலாமா?” தயங்க வேண்டாத, மிக இன்றியமையாத வினா இது. மின்கலம் உள்ள கருவி தகனத் தீயில் வெடிக்கக்கூடும். இவ்வாறு முடுக்கி வெடித்த நிகழ்ச்சி 1976ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் நேர்ந்துள்ளது. ஆகவே, தகனத்துக்கு முன்னர் அதனை அகற்றிவிட வேண்டும். சிறு கீறலில் மருத்துவமனைப் பணியாளரே எடுத்துவிடுவர்; உடலுக்கு ஊறு ஏதும் நேராது. கருவி வைத்திருப்பதை மனைவி மக்களிடம் சொல்லி வைப்பதும், மருத்துவமனை தரும் அட்டையை அடையாளக் கார்டோடு சேர்த்து வைப்பதும் குடும்பத்துக்குச் செய்யும் கடமையாகும்.

நாம் செய்ய வேண்டுவன

மயங்கி விழும் எல்லார்க்கும் கருவி வைப்பதில்லை. பெரும்பாலோர்க்கு எளிய சோதனையே காரணத்தைக் காட்டிவிடும். நீரிழிவு மாத்திரை உட்கொண்டு, காலைப் பசியாறாமல் வேலைக்குச் செல்வோர்க்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். இரத்த அழுத்த மருந்தின் அளவு மிகுந்தாலும் வரலாம். இவற்றை ஆராய்ந்து விலக்கிய பின்னரே உணர்கருவியின் முறை வருகின்றது. ஆனால், எந்தச் சோதனைக்கும் முதற்படி ஒன்று உண்டு. அது, நடந்ததைச் சொல்லுதல்.

ஆகவே, கீழ்க்கண்டவற்றை மனத்தில் இருத்துவோமாக.

ஒரு முறை நினைவு தப்பி விழுந்தாலும் அன்றே வீட்டாரிடமும் தண்டலிடமும் சொல்லுங்கள். விழுந்த நேரம், அப்போது செய்த வேலை, விழுமுன் நெஞ்சு படபடத்ததா என்பனவற்றைக் குறித்து வையுங்கள். பார்த்தவர் எவரேனும் இருந்தால் அவரையும் மருந்தகத்துக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். உட்கொள்ளும் மருந்துகளை எல்லாம் கையோடு கொண்டு செல்லுங்கள். தெங்கேராவில் இருப்போர் அங்குள்ள சுகாதார மருந்தகத்துக்கே செல்லலாம்; தோட்டத்தில் இருப்போர் அருகிலுள்ள மருந்தகத்தை நாடலாம். தேவையாயின் அங்கிருந்து மருத்துவமனைக்கும் இருதய நிபுணரிடமும் அனுப்பி வைப்பர். வேலை போய்விடுமோ என்னும் கவலை எழுந்தால், தொழிற்சங்கக் கிளைத் தலைவரைக் கலந்துகொள்ளுங்கள். நெஞ்சு வலியோடு மயக்கம் வந்தால் காத்திராமல் 999 என்னும் எண்ணை அழையுங்கள்.

உடன் வேலை செய்வோர்க்கும் ஒரு சொல். பக்கத்து நிரையில் ஒருவர் விழுந்ததைக் கண்டால் அதைக் கேலி பேசித் திரிய வேண்டாம். மறைத்து வைக்கவும் வேண்டாம். அவர் நினைவற்றுக் கிடந்த அந்தச் சில வினாடிகளை அவரே அறியார். நீங்கள் கண்டதே மருத்துவருக்குக் கிடைக்கும் முதற்சான்று.

உடலுக்குள் வைக்கும் காவற்காரர் எத்துணைத் திறமை உடையவராயினும், கண்டதைச் சொல்வதோடு அவர் கடமை முடிந்துவிடும். அவரை அமர்த்துவதும், அவர் சொல்லைக் கேட்டு நடப்பதும் நம் பொறுப்பு. விடியற்காலை இருளில் தனியே விழுந்தெழுந்த அந்தத் தொழிலாளி, அன்று மாலையே மருந்தகத்தின் படியேறி, “இன்று காலை மயங்கி விழுந்தேன்” என்று சொல்வாரேயானால், அவர் உயிரைக் காக்கும் பணி அந்தச் சொல்லிலேயே தொடங்கிவிடும்.